கை வைக்காத படங்கள்

நாத்தனார் சொல்லும் கதையை யாரும் முழுதாக நம்புவதில்லை. அதுவும் அண்ணியைப் பற்றி நாத்தனார் வாயைத் திறந்தால், கேட்பவர்கள் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தக் கதையில் முட்டாளாக நிற்கப் போவது அண்ணி இல்லை, நாங்கள்தான்.

எங்களுடையது ஒரு போட்டோ கடை. முன்னால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் திரை மறைத்த ஓர் அறை. அந்த அறையில் வெள்ளைத் துணி, இரண்டு குடை விளக்கு, முதுகு சாய இடமில்லாத ஓர் உயர ஸ்டூல். அண்ணன் படம் எடுப்பார். மூலையில் கணினி முன்னால் உட்கார்ந்து அண்ணி அதைத் திருத்துவார். அச்சாகி வரும் படங்களை நான் வெட்டி, கவரில் போட்டுக் கொடுப்பேன். என் கணவருக்குக் கப்பலில் சமையல் வேலை. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அதனால் அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, அவர் கடையிலேயே பொழுதைக் கழிக்கிறேன். பொழுதைக் கழிப்பதாகத்தான் நான் சொல்வேன். வேவு பார்ப்பதாக அண்ணி சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

வருகிறவர்கள் அண்ணியை ‘டச்சப் அக்கா’ என்று கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக ஊரில் பாதிப்பேருடைய பருக்களையும் கருவளையங்களையும் எடுத்துப் போட்டவர் அவர். நெற்றியில் விழுந்த ஒற்றை முடியைக்கூட விடமாட்டார். கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், அதை உங்கள் அம்மா அப்பாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்டவரும் சிரித்துவிடுவார். யாருக்கும் மனம் நோகாமல் மறுக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

போன வருடம் அது மாறத் தொடங்கியது. எப்போது தொடங்கியது என்று கேட்டால், ஆளுக்கொரு மாதம் சொல்வோம்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஏ.சி. ரிமோட். கடையில் அதை எப்போதும் அண்ணன்தான் வைத்திருப்பார். திடீரென்று அது அண்ணியின் கணினி மேசைக்குக் குடிபோனது. அண்ணன் கூட்டி வைப்பார், அண்ணி குறைத்து வைப்பார். பதினாறுக்குக் கீழே அந்த இயந்திரத்தில் எண் இருந்திருந்தால் அதற்கும் போயிருப்பார். நான் உள்ளே இருந்துகொண்டே ஸ்வெட்டர் போட்டேன். படம் எடுக்க உட்கார்ந்தவர்களுடைய கையில் மயிர் சிலிர்த்து நிற்பது படத்தில் தெரிந்தது. அதையும் அண்ணியே உட்கார்ந்து திருத்தினார், நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

அடுத்தது மவுஸ். கோடு இழுத்தால் நேராகப் போகவில்லை, அதிர்கிறது என்றார். அண்ணன் புதிது வாங்கிக் கொடுத்தார். அதுவும் அதிர்ந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்று மவுஸும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பொருளும் உழைப்பதில்லை என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம்.

பிறகு சாப்பாடு. அண்ணி அரை வயிற்றுக்குச் சாப்பிடும் ஆள். அவர் இப்போது பன்னிரண்டு மணிக்கே டப்பாவைத் திறந்தார். இரண்டு மணிக்கு மறுபடி பசி என்றார். நான்கு மணிக்குப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால், நான் ஒன்று எடுப்பதற்குள் வெறும் தாள்தான் இருந்தது. இத்தனையும் எங்கே போகிறது என்று தெரியவில்லை, ஏனென்றால் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். உடுப்பையெல்லாம் இரண்டு தடவை பிடித்துத் தைத்தார். கடைக்கு வந்த பெண்கள் எல்லோரும், என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லக் கூடாதா என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கைப்பிடி கூடுதலாகச் சாப்பிட்டால் எனக்கு மறுநாளே இடுப்பில் தெரியும். இவர் மூன்று ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஒல்லிக்குச்சியாகத் திரிகிறாரே என்று பொருமிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நாள்களில் எனக்கு இருந்தது கவலை இல்லை, பொறாமை.

இன்னும் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்றார். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டோம், கேஸ் டிரபிள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கண் உறுத்துகிறது, நீர் வழிகிறது என்றார். கண்ணாடிக் கடையில் கேட்டோம், கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படித்தான் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, அதற்குத் தண்ணீர் சரியில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் மேசையில் ஊன்றித்தான் எழ முடிந்தது, அதற்கு நாற்காலி தாழ்வு. மாதவிலக்குத் தள்ளித் தள்ளிப் போனது, அதற்கு வயது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றவாளி கிடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

எனக்குத் தலையும் வாலும் புரியாமல் போனது வேறு ஒரு விஷயத்தில். களைப்பாக இருக்கிறது என்பார், ஆனால் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். உடம்பெல்லாம் வலிக்கிறது என்பார், அந்த நேரத்தில்தான் அலமாரியைக் காலி செய்து துடைப்பார். பேச்சும் அப்படித்தான், ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவார். நான் பதில் சொல்வதற்குள் அந்தக் கேள்வி பழையதாகிவிடும். இவர் ஓடுகிறாரா, விழப்போகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கோபம் வந்தது அதற்குப் பிறகு. கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. கவரைத் தலைகீழாக வைத்தாய் என்பதற்கு எரிந்து விழுந்தார். ஒரு நாள் குழந்தையோடு வந்த ஓர் அம்மாவிடம், பிள்ளையை அடக்க முடியாவிட்டால் எதற்குக் கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். பிறகு அவரே பின்பக்கம் போய் அழுதார். எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டதற்கு, எனக்கே தெரியவில்லை என்றார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. நடிப்பு என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் அண்ணியின் அடையாள அட்டை புதுப்பிக்க வேண்டி வந்தது. அண்ணன் படம் எடுத்தார், அண்ணி தானே உட்கார்ந்து திருத்தினார், நான் வெட்டினேன். படத்தோடு அண்ணியையும் அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் படம் திரும்பி வந்துவிட்டது. படமும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

போட்டோ கடைக்காரர் பெண்டாட்டியின் போட்டோவே திரும்பி வந்தால் எப்படி இருக்கும். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என்ன செய்தாய் படத்தை என்று கேட்டார். கண் பெரிதாகத் தெரிந்தது, அதனால் கொஞ்சம் இறக்கினேன், கழுத்திலும் ஒரு வீக்கம் மாதிரி நிழல் விழுந்திருந்தது, அதைத் தேய்த்துவிட்டேன் என்று அண்ணி சொன்னார். பதினேழு வருடத்துப் பழக்கம், கை தானாகச் செய்திருக்கிறது. ஊரார் முகத்தைத் திருத்திய அதே கையால் தன் முகத்தையும் திருத்திவிட்டார். அடையாள அட்டைப் படத்தில் யாராவது கண்ணில் கை வைப்பார்களா என்று அண்ணன் கேட்டார். கேட்ட விதம் சரியில்லை, அதுவும் முன்னால் நான்கு பேர் காத்திருக்கும்போது கேட்டார்.

அண்ணி எழுந்தார். மேசையில் கை ஊன்றித்தான் எழுந்தார். “கண்ணைப் பிதுக்கிக் காட்டுறது உங்க லென்ஸு. கழுத்துல நிழல் விழுறது உங்க லைட்டு. இன்னைக்கு நேத்து இல்ல, பதினேழு வருஷமா நீங்க எடுக்குற அரைகுறைப் படத்துக்கு நான் ஒட்டுப் போட்டுட்டு இருக்கேன். வெளியில உங்க பேரு. ஒரு நாளாவது கேமராவ என் கையில குடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார். குரல் தெருமுனை வரை போயிருக்கும். காத்திருந்த நான்கு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க” என்று சொல்லித் தொலைத்தேன்.

“பாக்கட்டும். நீ பாக்கலையா? தினம் சாயங்காலம் அண்ணன்கிட்ட ஒப்பிக்கிறியே, நான் எத்தனை தடவை எழுந்தேன், யார்கிட்டப் பேசினேன்னு. கவர்ல போட ஆள் வேணும்னா உன்னை வச்சிருக்காங்க? என்னை வேவு பாக்கத்தான?”

சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது உண்மை. கடையில் அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று அண்ணன்தான் முதலில் சொன்னார். நான் அதைக் கொஞ்சமாகச் செய்யவில்லை. மாடிப்படியில் நின்று தினமும் சொன்னேன், எனக்கும் அதில் ஒரு ருசி இருந்தது. ஆனால் அன்று அதை ஒப்புக்கொள்ள முடியுமா. அபாண்டம் என்று கண்ணைக் கசக்கினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. அண்ணன் கடைக்குத் தனியாகப் போனார், அண்ணி தனியாக வந்தார். உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி வாங்கினார்கள். பத்தாம் நாள் அண்ணி தன் அக்காவுக்குப் போன் செய்து, மாதக் கடைசியில் அங்கே வந்துவிடுவதாகவும், திரும்பி வருவேனா என்று தெரியாது என்றும் சொன்னதை நான் கேட்டேன். வேவு பார்க்கவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எப்படியானாலும் காதில் விழுந்துவிட்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் அவர்கள் மகனுக்கு இதை யார் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கெட்ட குணம் திடீரென்று ஓர் ஆளுக்குள் எப்படிக் குடியேறும், பதினேழு வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று நினைத்து நினைத்து மண்டை காய்ந்தது.

அண்ணனுக்கு வேறு கவலை. அவருக்கு லென்ஸின் மானம் போய்விட்டது. அதைச் சரிபார்க்க அனுப்பினார். எந்தக் குறையும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சீட்டை மேசையில் அண்ணி கண்ணில் படும்படி வைத்தார். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, சீட்டு எழுதியவனுக்குக் கண் தெரிய வேண்டுமே என்று என்னிடம் சொன்னார். அண்ணன் காதில் விழும்படிதான் சொன்னார்.

சரி, நிரூபித்துவிடுகிறேன் என்று கிளம்பினார் அண்ணன். மறுநாள் காலை, கடை திறக்கும் முன், அதே லென்ஸ், அதே விளக்கு, அதே ஸ்டூல். முதலில் என்னை உட்கார வைத்து எடுத்தார். பிறகு தானே உட்கார்ந்து என்னைப் பொத்தானை அமுக்கச் சொன்னார். கடைசியில் அண்ணியைப் பார்க்காமலே, உட்காரச் சொல்லு என்றார். அண்ணி உட்கார்ந்தார். அண்ணன் மூன்று படங்களையும் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யாரும் கை வைக்காத படங்கள்.

நான் ஆயிரக்கணக்கான முகங்களை வெட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் மேல் இமை கருவிழியின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் மூடியிருக்கும். என் படத்தில் அப்படித்தான் இருந்தது, அண்ணன் படத்திலும் அப்படித்தான். அண்ணியின் கண்ணில் கருவிழிக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருப்பவர், எதையோ பார்த்துத் திடுக்கிட்ட முகமாக இருந்தார். நாங்கள் நேரில் தினமும் பார்த்த முகம்தான். முறைக்கிறார், கண்ணை உருட்டுகிறார் என்று நான் அண்ணனிடம் எத்தனை தடவை ஒப்பித்திருக்கிறேன்.

லென்ஸ் பொய் சொல்லவில்லை என்று அண்ணன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் சந்தோஷப்படவில்லை. கணினியில் வேறு ஒரு ஃபோல்டரைத் திறந்தார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலையில் விளக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அண்ணியை ஸ்டூலில் உட்கார வைத்து அண்ணன் ஒரு படம் எடுப்பார். வெளிச்சம் கூடவா குறையவா என்று பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்தப் படங்களை யாரும் திருத்துவதில்லை, அச்சடிப்பதில்லை. அழிப்பதும் இல்லை, ஏனென்றால் அண்ணன் எதையும் அழிக்க மாட்டார். அதில் இருந்தார் அண்ணி. ஒவ்வொரு திங்கட்கிழமையும், ஒரே ஸ்டூலில், ஒரே தூரத்தில்.

அண்ணன் பின்னால் போய், அண்ணி நன்றாக இருந்த ஒரு படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். கன்னம் வற்றியது. தோள் எலும்பு எழும்பியது. கழுத்தின் அடியில், முன்பக்கம், இருபுறமும் மெல்ல மெல்ல ஏதோ பருத்தது. அது நிழல் இல்லை. கண் திறந்துகொண்டே வந்தது. பதினான்கு மாதம் நான்கு நிமிடத்தில் ஓடி முடிந்தது. அண்ணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இது யாருங்க?” என்று கேட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியாது. எந்த டாக்டரைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. கண்ணுக்கா, கழுத்துக்கா, இதயத்துக்கா, மனதுக்கா என்று சீட்டு எழுதும் பெண் கேட்டதற்கு அண்ணன் திருதிருவென்று விழித்தார். எல்லாத்துக்கும் என்று நான் சொன்னேன். பொது மருத்துவரிடம் அனுப்பினாள்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அண்ணியை உட்கார வைத்து, கையைப் பிடித்து நாடி பார்த்தார். உட்கார்ந்திருக்கும்போதே நூற்று இருபது என்றார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். விரல்களுக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் ஓரம் படபடவென்று ஆடியது. கூரையில் காற்றாடி ஓடவில்லை, சன்னலும் மூடியிருந்தது. எனக்கு மூன்று மவுஸும் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார், தொட்டும் பார்த்தார். பிறகு கேள்விகள். மற்றவர்களுக்குக் குளிரும்போது உங்களுக்கு வியர்க்கிறதா. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறதா. நெஞ்சு படபடக்கிறதா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறீர்கள். தூக்கம் வருகிறதா. படி ஏறும்போது தொடையில் பலம் இல்லாமல் போகிறதா. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா. காரணம் இல்லாமல் கோபம், அழுகை வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் அண்ணி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டர் எங்கள் வீட்டில் ஒரு வருடம் தங்கியிருந்து பார்த்ததுபோல் கேட்டார், கூடவே இருந்த நாங்கள் முழித்துக்கொண்டு நின்றோம்.

பழைய படம் ஏதாவது இருந்தால் கண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். மாதத்துக்கு ஒன்றாகப் பதினான்கு படங்கள், பின்னால் தேதியோடு. நான்தான் அவசரமாக வெட்டிக் கொடுத்தேன். டாக்டர் அவற்றை வரிசையாகப் பரப்பி ரொம்ப நேரம் பார்த்தார். இப்படி யாரும் கொண்டு வந்ததில்லை, எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்டார்.

“லைட் பாக்குறதுக்கு” என்றார் அண்ணன். பிறகு அவராகவே, யாரும் கேட்காமலே சொன்னார். “ஒவ்வொரு வாரமும் பாத்தேன் டாக்டர். வெளிச்சத்தைத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல.”

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதாகத் தெரிகிறது, ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு இது மண்டைக்குள் ஏறவில்லை. தைராய்டு என்றால் குண்டாவார்கள் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தெருவில் தைராய்டு இருக்கிற ஒரு அம்மா எப்போதும் போர்த்திக்கொண்டு தூங்கி வழிவார். அண்ணி அதற்கு நேர் எதிர் ஆயிற்றே என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குக் குறைவாகச் சுரக்கிறது, உங்கள் அண்ணிக்கு அதிகமாகச் சுரக்கிறது, பெயர் ஒன்றுதான், நோய் எதிரெதிர் என்றார்.

அதோடு குழப்பம் தீர்ந்ததா என்றால் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பரிசோதனைத் தாள் வந்தது. அதில் முதல் வரியிலேயே டி.எஸ்.எச். மிகக் குறைவு என்று போட்டிருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றுவிட்டார். அதிகம் என்கிறார், தாளில் குறைவு என்று இருக்கிறதே, வேறு யாருடைய தாளையோ கொடுத்துவிட்டார்களா என்று மூன்று தடவை பெயரைப் படித்துப் பார்த்தார். டாக்டரிடம் காட்டினோம். அது மேஸ்திரியின் அளவு என்றார். மூளையிலிருந்து மேஸ்திரி சத்தம் போட்டால்தான் கழுத்தில் இருக்கிற ஆள் வேலை செய்ய வேண்டும், இங்கே சொல்லாமலே அந்த ஆள் இரவு பகலாக ஓடி ஓடி வேலை செய்கிறான், அதனால் மேஸ்திரி வாயை மூடிக்கொண்டுவிட்டார், அதுதான் குறைவு, கீழ் வரியில் பாருங்கள், அந்த ஆள் சுரந்து தள்ளும் டி4 இரண்டு மடங்கு இருக்கிறது என்று விளக்கினார். புரிந்த மாதிரி இருந்தது. வெளியே வந்து அண்ணனுக்கு நான் விளக்கியபோது மறுபடி புரியாமல் போய்விட்டது.

இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பியிருக்கும், அது ஆபத்து என்று டாக்டர் சொன்னது மட்டும் எங்கள் மூவருக்கும் நன்றாகப் புரிந்தது. சுரப்பியை அடக்க ஒரு மாத்திரை, படபடப்பைக் குறைக்க இன்னொன்று. கண்ணுக்குத் தனியாகக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது மெதுவாகத்தான் சரியாகும், முழுதாகப் பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சுரப்பியை அடக்கும் மாத்திரை அபூர்வமாக ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும், அதனால் அதைச் சாப்பிடும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரணம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணன் அதைத் தன் கைப்பேசியில் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு வாரம் அண்ணி இருமினால்கூட டார்ச் லைட்டோடு வந்து வாயைத் திறக்கச் சொன்னார்.

அக்கா வீட்டுக்குப் போகும் பேச்சை அண்ணி எடுக்கவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது. மருந்து இரண்டு வாரத்தில் படபடப்பைப் பிடித்தது, கை நடுக்கம் அடங்கியது. ஏழெட்டு வாரத்தில் எடை கொஞ்சம் ஏறியது. அண்ணி ஒரு நாள் எனக்குக் குளிர்கிறது, ஏ.சி.யைக் கூட்டி வை என்றார். நான் ஓடிப்போய்க் கூட்டினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அண்ணனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அன்று காத்திருந்த நான்கு பேரில் ஒருவர் மறுபடி வந்தபோது, அன்னைக்கு நீங்க கேட்டதெல்லாம் அவ பேசினதில்ல சார், தைராய்டு பேசினது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அதில் சொந்த லாபம் இருந்தது. அவர் பேசியது தைராய்டு என்றால், என்னைப் பற்றிச் சொன்னதும் தைராய்டுதானே. அபாண்டம் என்று அன்று நான் அழுத அழுகைக்கு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மாதம் இந்த நினைப்பில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் பெரிய மனதோடு சொன்னார், அன்றைக்கு நடந்த எதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நோய் பேசியதற்கு நீ என்ன செய்வாய், நீயும் மறந்துவிடு என்று. அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“கத்தினது நோய்ங்க” என்றார். “சொன்னது நான்தான்.”

அண்ணனுக்கு விளங்கவில்லை. எதைச் சொன்னது என்று கேட்டார்.

“ஒட்டுப் போடுறேன்னு சொன்னது. கேமராவ ஒரு நாள்கூடக் கையில குடுக்கலன்னு சொன்னது. பதினேழு வருஷமா மனசுல இருந்ததுதான். சொல்ல மாட்டேன், சிரிச்சுட்டுப் போயிடுவேன். அந்த வருஷம் அடக்கி வைக்க முடியல, வெளியில வந்துடுச்சு. வந்த விதம் தப்பு, நாலு பேர் முன்னாடி சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். சொன்னதுக்குக் கேட்க மாட்டேன்.”

குரல் ஏறவில்லை. பழைய அண்ணியின் குரல், யாருக்கும் மனம் நோகாமல் மறுக்கும் அதே குரல். இரண்டு மாதமாக அண்ணன் நோயின் தலையில் கட்டி அனுப்பியதெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்காமல் விட்டால் இனி எந்த நாளும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று தோன்றியது. “என்னைச் சொன்னதும் நீங்கதானா அண்ணி?” என்று கேட்டேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். கண் இன்னும் முழுதாக இறங்கவில்லை, கருவிழிக்கு மேல் மெல்லிய வெள்ளை இருந்தது. முன்பென்றால் முறைக்கிறார் என்று சொல்லியிருப்பேன். அவர் முறைக்கவில்லை.

“ஆமாம்மா. அதுவும் நான்தான்” என்றார்.

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், இன்னும் நோய் சரியாகவில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருப்பேன். அவர் கத்தவில்லை. நாடி சரியாக இருந்தது, கை நடுங்கவில்லை, பரிசோதனைத் தாளில் எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்தது. எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. “ஆமா அண்ணி, வேவுதான் பாத்தேன்” என்று சொன்னேன்.